மலைச்சரிவு வாழையும் துறைமுகக் கணக்கும்

கரீபியக் கடலின் கிழக்கு ஓரத்தில் டொமினிக்கா, செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா என்று வடக்கிலிருந்து தெற்காக வரிசையில் நிற்கும் நான்கும் எரிமலை எழுப்பிய தீவுகள். விண்ட்வர்ட் தீவுகள் என்று அவற்றைச் சேர்த்துச் சொல்வார்கள். செயின்ட் லூசியாவின் மொத்தப் பரப்பே 616 சதுர கிலோமீட்டர்தான். இன்றைய சென்னை மாநகராட்சியைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. சமவெளி என்று சொல்லத்தக்க நிலம் ஆறு கடலில் கலக்கும் இடங்களில் மட்டும் உண்டு, மற்றதெல்லாம் மேடும் சரிவும். 1992 வாக்கில் அந்தச் சரிவுகளில் ஏறத்தாழ 27,000 குடியானவர்கள் வாழை வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு அவர்கள் பிரிட்டனுக்குக் கப்பலேற்றிய காய் சுமார் 2.7 லட்சம் டன். அடுத்த பதினேழு பதினெட்டு ஆண்டுகளில் அவர்களில் நாலாயிரம் பேரை ஒட்டித்தான் மிஞ்சினார்கள். அவர்கள் உற்பத்தித்திறன் இல்லாதவர்கள், லத்தீன் அமெரிக்கப் பெருந்தோட்டங்களோடு போட்டியிட முடியாதவர்கள், ஐரோப்பியச் சலுகை என்ற முட்டு இல்லாமல் நிற்க முடியாதவர்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இந்தத் தீர்ப்பு இன்று பாடப்புத்தகங்கள்வரை ஏறிவிட்டது. ஆனால் அது உழவைப் பார்த்து எழுதிய தீர்ப்பு அன்று என்றே நான் நினைக்கிறேன். துறைமுகத்தில் ஒரு டன் காய் என்ன விலைக்கு வந்து நிற்கிறது என்ற ஒற்றைக் கணக்கைப் பார்த்து எழுதியது அது. அந்தக் கணக்கில் எந்தச் செலவு ஏறியது, எது ஏறாமல் போனது என்று பார்த்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது.

இந்தத் தீவுகளில் சிறுநிலம் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து, 1838இல் முழு விடுதலை வந்தபோது, கரும்புத் தோட்டங்களில் உழன்ற ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் முடிந்தவரை அந்தத் தோட்டங்களை விட்டு விலகினார்கள். சமவெளி தோட்ட முதலாளிகளின் கையில் இருந்தது. ஆகவே யாருக்கும் வேண்டாத மலைச்சரிவுக்குப் போனார்கள். சிலர் விலைக்கு வாங்கினார்கள், சிலர் வாரத்துக்கு உழுதார்கள், சிலர் காட்டைத் திருத்திக் குடியேறினார்கள். செயின்ட் லூசியாவில் பிரெஞ்சுச் சட்ட மரபு ஒட்டிக்கொண்டிருந்ததால், ஒருவர் இறந்தால் நிலம் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாகிப் பாகம் பிரியாமலே தலைமுறை தலைமுறையாக நின்றது. குடும்ப நிலம் என்று அதைச் சொல்கிறார்கள். கூட்டுப் பட்டாவில் சிக்கிய நிலத்தை வைத்து வங்கியில் கடன் வாங்குவது எவ்வளவு பாடு என்பது நம் ஊர் உழவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே நிலம் வெளியூர் போய்த் திரும்பிய எவருக்கும் ஒரு குடிசைக்கும் நாலு கிழங்குச் செடிக்கும் இடம் கொடுத்தது என்பதும் உண்மை. இந்தக் குடியானவர்கள் சேப்பங்கிழங்கும் வள்ளிக்கிழங்கும் சீமைப்பலாவும் தங்களுக்காக வளர்த்தார்கள். காசுக்காகக் கொக்கோ, கூவைக்கிழங்கு, எலுமிச்சை, சாதிக்காய் என்று தீவுக்குத் தீவு ஒவ்வொன்றைப் பிடித்தார்கள். ஒவ்வொன்றும் சில பத்தாண்டுகள் ஓடி, விலையாலோ நோயாலோ புயலாலோ விழுந்தது.

வாழை இந்த வரிசையில் கடைசியாக வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனிடம் டாலர் இல்லை. டாலர் கொடுத்து மத்திய அமெரிக்க வாழைப்பழம் வாங்குவதற்குப் பதிலாகத் தன் குடியேற்ற நாடுகளிலிருந்து பவுண்டில் வாங்க அது விரும்பியது. இங்கிலாந்தில் பூக்கிழங்கு வியாபாரம் செய்துகொண்டிருந்த டச்சுக்காரர்களின் கீஸ்ட் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் இந்தத் தீவுகளுக்கு வந்து, தீவுக்கொரு விவசாயிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஏற்றுமதித் தரத்தில் விளையும் காயை எல்லாம் கீஸ்ட் எடுத்துக்கொள்ளும், சங்கம் வேறு யாருக்கும் விற்காது என்பது ஏற்பாடு. வாரம் தவறாமல் கப்பல் வந்தது. மலைப் பாதைகளில் பெண்கள் தலைச்சுமையாகத் தார்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1958இல் நான்கு தீவுச் சங்கங்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உண்டாக்கின. நோய்க்கு மருந்து தெளிப்பது, உரம் தருவிப்பது, ரகம் சோதிப்பது எல்லாம் அதன் பொறுப்பாயிற்று. அன்று அவர்கள் பரவலாக நட்ட ரகங்களில் ஒன்றுதான் நம் கடைகளில் பச்சைப்பழம் என்று தொங்கும் ரோபஸ்டா.

சிறு உழவர்கள் ஏன் இவ்வளவு வேகமாக வாழைக்குத் திரும்பினார்கள்? சலுகை விலை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பயிரின் இயல்பே பெரிய காரணம். கொக்கோவும் சாதிக்காயும் காய்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வாழை ஓராண்டுக்குள் தார் போடும். தாய் மரத்தை வெட்டினால் பக்கக்கன்று தயாராக நிற்கும். கன்றுகளை முன்பின்னாக விட்டு வளர்த்தால் ஆண்டு முழுதும் ஏதோ ஒரு மரத்தில் வெட்டுவதற்குத் தார் இருக்கும், ஆகவே வாரத்துக்கொருமுறையோ இரு வாரத்துக்கொருமுறையோ கையில் பணம் வரும். பள்ளிக் கட்டணமும் கடை பாக்கியும் அந்தப் பணத்துக்கு ஏற்பத் தவணை பிடித்தன. புயல் வந்தால் வாழை முதலில் விழும், ஆனால் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்த்துச் சில மாதங்களில் எழுந்துவிடும். 1955இல் ஜேனட் புயல் கிரெனடாவின் சாதிக்காய் மரங்களைப் பெயர்த்தெறிந்தபோது, சாதிக்காய் மறுபடி காய்க்கும்வரை பிழைக்க வாழைதான் வழியாயிற்று. 1979இல் டேவிட் புயல் டொமினிக்காவையும், 1980இல் ஆலன் புயல் செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் தோட்டங்களையும் தரைமட்டமாக்கின. பத்தாண்டு கழிவதற்குள் தீவுகளின் ஏற்றுமதி முன்னைவிட உயரத்தில் இருந்தது. உற்பத்தித்திறனை ஒரு நல்ல ஆண்டின் மகசூலைக் கொண்டு அளப்பவர்கள், விழுந்த நிலம் எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பதை அளப்பதே இல்லை.

மகசூல் குறைவு என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அது பொய்யல்ல. கோஸ்டாரிகாவின் சமவெளிப் பெருந்தோட்டம் ஏக்கருக்குத் தந்த காயில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் விண்ட்வர்ட் சரிவுகள் தந்தன. துறைமுகத்தில் டன்னுக்கு ஆன செலவும் ஏறத்தாழ இருமடங்கு. இங்கே ஒரு கேள்வி எழும். 1962இல் அமர்த்தியா சென் இந்தியப் பண்ணை மேலாண்மை ஆய்வுகளை வைத்து, நிலத்தின் அளவு கூடக்கூட ஏக்கருக்கான விளைச்சல் குறைகிறது என்ற போக்கைச் சுட்டிக்காட்டினார். சிறு உழவர் தன் குடும்ப உழைப்பைக் கூலிக் கணக்குப் பார்க்காமல் கொட்டுவதால் நிலம் அதிகம் தருகிறது என்பது அதன் சாரம். அப்படியானால் கரீபியத்தில் மட்டும் ஏன் தலைகீழ்? ஒரு காரணம், ஒப்பிட்ட நிலங்கள் ஒரே தரமானவை அல்ல. பெருந்தோட்டம் ஆற்றுப்படுகையின் ஆழ்ந்த வண்டல் மண்ணில், வடிகாலும் பாசனமும் வைத்து, தார்களைக் கம்பி வழியே பொதிகட்டும் கொட்டகைக்கு இழுத்துப் போகிறது. சரிவிலோ மழையை நம்பிய சாகுபடி, தோளில் சுமந்துதான் கீழே இறக்க வேண்டும். இன்னொரு காரணம், அந்த ஏக்கரில் விளைந்தது வாழை மட்டுமல்ல. வாழையின் நிழலிலும் ஓரத்திலும் சேம்பும் வள்ளியும் நின்றன. வீட்டு உலைக்கும் பக்கத்துச் சந்தைக்கும் அவை போயின. கப்பலேறாத எதுவும் மகசூல் புள்ளிவிவரத்தில் ஏறவில்லை. தென்னையும் வாழையும் மிளகும் கலந்து நிற்கும் ஒரு தோப்பில் தேங்காயை மட்டும் எண்ணிவிட்டு மகசூல் போதாது என்று சொன்னால் அதை நாம் ஒப்புக்கொள்வோமா? இருந்தாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. ஊடுபயிர் எல்லாவற்றையும் சேர்த்தாலும், ஏக்கருக்கு எத்தனை டன் என்ற அந்த ஒரு கேள்வியில் சரிவு நிலம் சமவெளியை வென்றிருக்காது. என் வாதம் அது வென்றது என்பதல்ல. எந்த நிலத்தில் வேறு எந்த முதலாளியும் கால் வைக்கமாட்டாரோ அந்த நிலத்திலிருந்து சிறு உழவு 27,000 குடும்பங்களின் வாழ்வை எடுத்துத் தந்தது என்பதுதான்.

எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் விரிக்க வேண்டும். பெருந்தோட்டத்தின் மலிவு எங்கிருந்து வந்தது? பெரிய அளவில் செய்வதால் கிடைக்கும் சிக்கனம் உண்மையில் உண்டு. கப்பல், குளிர்பதனம், பொதிகட்டும் கொட்டகை எல்லாம் பெரிதானால் செலவு குறையும். ஆனால் அதற்கு அடியில் வேறு சில இருந்தன. கோஸ்டாரிகாவில் ரயில் பாதை போடுவதற்காக 1884 ஒப்பந்தப்படி மைனர் கீத் என்ற அமெரிக்கத் தொழிலதிபருக்குக் கொடுக்கப்பட்ட நிலம் 8 லட்சம் ஏக்கர். நாட்டின் பரப்பில் பதினைந்தில் ஒரு பங்கு, இருபதாண்டு வரியும் இல்லை. அவருடைய தொழிலும் இன்னொரு பழக் கம்பெனியும் இணைந்து 1899இல் யுனைட்டெட் ஃப்ரூட் ஆயிற்று. ஒரே ரகத்தைக் கண்ணுக்கெட்டிய தூரம் நட்டதால் பனாமா வாடல் நோய் மண்ணில் ஊறியது. நோய் வந்த நிலத்தைக் கைவிட்டுவிட்டுப் புதிய காட்டை அழித்து நகர்வதே கம்பெனியின் வைத்தியம். 1930களின் இறுதியில் கோஸ்டாரிகாவின் அட்லாண்டிக் கரையான லிமோனை விட்டுப் பசிபிக் கரையில் கொல்ஃபிட்டோவுக்குப் போனது. லிமோனில் அதுவரை உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஜமைக்காவிலிருந்தும் பிற கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்த கறுப்பினத்தவர். பசிபிக் கரைத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை தரக் கூடாது என்று 1934 ஒப்பந்தம் தடை போட்டது. கம்பெனி தன் டன் கணக்கைச் சரிசெய்துகொண்டது. செத்த மண்ணும் வேலையற்ற ஊரும் லிமோனிலேயே நின்றன. 1980களின் நடுவில் கொல்ஃபிட்டோவையும் அது விட்டுப் போயிற்று. வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கொல்ல 1960களிலும் 70களிலும் ஊற்றிய டிபிசிபி என்ற மருந்தால் கோஸ்டாரிகாவில் மட்டும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பிள்ளைப்பேறு இழந்தார்கள். இவற்றில் எதுவும் பழப்பெட்டியின் அடக்கவிலையில் இல்லை. சரிவு நிலத்துக் குடியானவருக்கு இப்படி விட்டுப் போக இன்னொரு நிலம் கிடையாது. மண்ணைக் கெடுத்தால் அவரே அதில் இருந்தாக வேண்டும், ஆகவே அவருடைய செலவு அவர் கணக்கிலேயே விழுந்தது.

இதற்காகத் தீவுகளின் பக்கம் குறையே இல்லை என்று எழுதினால் அது வரலாறாகாது. சட்டத்தின் பலத்தில் ஏகபோகமாக நின்ற சங்கங்கள் கடனில் மூழ்கின. அரசியல்வாதிகள் அவற்றில் தங்கள் ஆட்களை வைத்தார்கள். பிரிட்டனில் விற்ற விலையிலிருந்து கப்பல் கூலி, பழுக்கவைக்கும் செலவு, கமிஷன் எல்லாம் கழித்து மீந்ததுதான் உழவர் விலை. விலை சரிந்தால் கீஸ்டின் கமிஷன் அப்படியே நிற்கும், உழவரின் பங்கு தேயும். காயில் அடி, கீறல் என்ற புகார் எழுந்தபோது 1980களில் வயலிலேயே சீப்பு பிரித்துப் பெட்டி கட்டும் முறையைக் கட்டாயமாக்கினார்கள். தரம் உயர்ந்தது மெய்தான். ஆனால் முன்பு கொட்டகையில் கூலிக்கு ஆள் வைத்துச் செய்த வேலை, உழவரின் மனைவி பிள்ளைகள் மேல் கூலியில்லாமல் இறங்கியது. வெட்டு நாளில் கிழங்கு நடவும் களையெடுக்கவும் நேரம் இல்லாமல் போயிற்று. 1993 அக்டோபரில் செயின்ட் லூசியாவில் உழவர்கள் விலை கேட்டு விற்பனையை நிறுத்திச் சாலை மறித்தபோது போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். தங்கள் தொழிலில் திறன் குறைந்த கண்ணி எது என்பது அந்த உழவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. வயலுக்கும் கப்பலுக்கும் நடுவில் அது இருந்தது.

அதே 1993இல்தான் ஐரோப்பிய ஒன்றியம் தன் வாழை இறக்குமதி முறையை ஒரே சட்டமாக்கியது. 1975இன் லோமே உடன்படிக்கையில் பழைய குடியேற்ற நாடுகளுக்குக் கொடுத்த வாக்கைக் காக்க, லத்தீன் அமெரிக்கப் பழத்துக்கு அளவும் வரியும் வைத்தது. 1994இல் யுனைட்டெட் ஃப்ரூட்டின் வழிவந்த சிகிட்டா நிறுவனம் அமெரிக்க அரசிடம் மனுக் கொடுத்தது. 1996இல் அமெரிக்காவும் ஈக்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன, 1997இல் வென்றன. ஐரோப்பா முழுதாக இறங்கி வராததால் 1999இல் ஆண்டுக்கு 19.14 கோடி டாலர் பெறுமான ஐரோப்பியப் பொருள்கள்மீது தண்டனை வரி போட அமெரிக்காவுக்கு அனுமதி கிடைத்தது. 2009 டிசம்பரில் ஜெனீவாவில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி லத்தீன் அமெரிக்கப் பழத்தின்மீதான வரி டன்னுக்கு 176 யூரோவிலிருந்து படிப்படியாக 114க்கு இறங்கியது. விண்ட்வர்ட் தீவுகளின் பங்கு உலக ஏற்றுமதியில் ஏறத்தாழ இரண்டு மூன்று விழுக்காடாகத்தான் இருந்தது. செயின்ட் லூசியா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் தீவுகளுக்கோ உச்ச காலத்தில் ஏற்றுமதி வருவாயில் பாதிக்குமேல் அதுதான். யாருக்கும் பெரிதாக நோகாத அந்தச் சிறு பங்கைப் பிடுங்க இவ்வளவு பெரிய இயந்திரம் சுழன்றது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இதற்கு மறுப்பாக இரண்டு வலுவான வாதங்கள் உண்டு. ஐரோப்பாவின் ஏழை நுகர்வோர் தங்கள் பையிலிருந்து கூடுதல் விலை கொடுத்தார்கள், அதில் சொற்பம்தான் தீவு உழவருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது ஒன்று. 1990களில் உலக வங்கி ஆய்வுகளே இதைக் காட்டின. உண்மை. இறக்குமதி உரிமம் வைத்திருந்த வணிகர்களிடமே பெரும்பகுதி தங்கியது. ஆனால் இது நடுவழியில் பணம் ஒழுகியதற்குச் சான்று. சிறு உழவர் திறனற்றவர் என்பதற்கு இதில் சான்று எங்கே இருக்கிறது? ஒழுகுகிற வாய்க்காலை அடைப்பதற்குப் பதில் மடையையே மூடினார்கள். மற்ற வாதம் இன்னும் கனமானது. ஈக்வடாரிலும் சிறு வாழை உழவர்கள் ஏராளம். ஐரோப்பியச் சலுகை அவர்களையும் வெளியே நிறுத்தியது, ஒரு ஏழையைக் காக்க இன்னொரு ஏழையைத் தள்ளுவது நியாயமா? இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். சந்தை திறந்த பிறகு வந்த ஆதாயம் அந்த உழவரின் களத்துக்கு எவ்வளவு போனது என்பதும் கணக்கில் வர வேண்டும். ஈக்வடார்த் தோட்டங்களில் சிறுவர்கள் வேலை செய்வதையும், சங்கம் சேர்ந்த தொழிலாளர்கள் விரட்டப்படுவதையும் 2002இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் விரிவாக ஆவணப்படுத்தியது. உலகத்திலேயே மலிவான பழம் என்ற பெயர் அந்த நிலைமையின்மேல் கட்டப்பட்டது. இரண்டு சிறு உழவர்களையும் ஒரே ஏலத்தில் எதிரெதிரே நிறுத்தியவர்கள் இருவருமல்லாத மூன்றாமவர்கள்.

செயின்ட் லூசியாவின் தலைநகர் காஸ்ட்ரீஸில் 1915இல் பிறந்து, 1979இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸ் இந்த மலிவு விலைச் சிக்கலைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வேறொரு கோணத்தில் யோசித்திருந்தார். வெப்ப நாடுகளின் ஏற்றுமதிப் பயிர் ஏன் எப்போதும் மலிவாகவே விற்கிறது என்பது அவர் கேள்வி. அந்த நாட்டு உழவர் ஏற்றுமதிப் பயிரை விட்டுத் தனக்கு உணவு விளைவித்தால் எவ்வளவு கிடைக்குமோ, அதுவே அவர் ஏற்றுமதிப் பயிருக்குக் கேட்கக்கூடிய விலையின் அடித்தளம் என்பது அவர் விடை. உணவு விளைச்சல் குறைவாக இருக்கும்வரை, தேயிலையிலோ ரப்பரிலோ வாழையிலோ மட்டும் உற்பத்தித்திறனைக் கூட்டினால் பொருள் பெருகும், விலை இறங்கும், ஆதாயம் வாங்குகிறவர் நாட்டுக்குப் போகும். வாழையில் நடந்தது இதற்கு எழுத்துக்கு எழுத்து சாட்சி. 2000களின் தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் பேரங்காடிகள் வாடிக்கையாளரை இழுக்க வாழைப்பழ விலையை ஒருவரையொருவர் முந்திக் குறைத்தன. பத்தாண்டில் ஒரு பழத்தின் விலை ஏறத்தாழ 18 பென்ஸிலிருந்து 11 பென்ஸுக்கு வந்தது. அதே காலத்தில் உரமும் எரிபொருளும் ஏறின. பெருந்தோட்டங்கள் இடையறாது கூட்டிய திறன் அத்தனையும் அந்த விலைக் குறைப்பில் கரைந்தது. அதிகத் திறனுள்ளவர் வெல்வார் என்ற வாதம், அப்படி வென்ற தொழிலாளியின் கூலி ஏன் ஏறவில்லை என்பதற்குப் பதில் சொல்வதில்லை.

மிஞ்சிய தீவு உழவர்கள் 2000இலிருந்து நியாய வணிக முத்திரையின் கீழ் விற்றார்கள். பெட்டிக்கு ஒரு டாலர் ஊருக்கான கூடுதல் தொகையாக வந்தது. அதில் பள்ளிக்கும் சாலைக்கும் செலவிட்டார்கள். களைக்கொல்லிகள் பல விலக்கப்பட்டதால் கையால் களையெடுத்தார்கள். பேரங்காடிகள் கேட்ட சான்றிதழ்களுக்காக மருந்துக் கிடங்கும் கழிப்பறையும் கட்டிப் பதிவேடும் எழுதினார்கள். 100 ஏக்கர் தோட்டத்துக்கும் இரண்டு ஏக்கர் தோட்டத்துக்கும் அந்தச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. 2010 அக்டோபர் கடைசியில் தோமஸ் புயல் செயின்ட் லூசியாவையும் செயின்ட் வின்சென்டையும் அடித்தது. அதை ஒட்டிக் கறுப்பு சிகடோகா நோயும் வந்து சேர்ந்தது. ஆலன் புயலுக்குப் பின் எழுந்ததுபோல் இம்முறை எழ முடியவில்லை. மண்ணும் கிழங்கும் அதேதான். அன்று விழுந்தவருக்குக் கன்றும் உரமும் கடனாகக் கிடைத்தன, காயைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளும் கப்பல் ஒன்று துறைமுகத்தில் நின்றது. இம்முறை அவற்றுக்கு உறுதி இல்லை. வாழை வெளியேறிய சரிவுகளில் பல இன்று புதர் மண்டிக் கிடக்கின்றன. அவற்றில் சேம்பும் வள்ளியும் முன்போல் ஏறியிருந்தால் லூயிஸ் சொன்ன அடித்தளமாவது உயர்ந்திருக்கும். ஆனால் அந்தக் கிழங்கு நடவுக்கு நீர், சாலை, கடன், சந்தை என்று எதையும் வாழைக்காலத்தில் யாரும் கட்டி வைக்கவில்லை; தீவுகள் தங்கள் உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்குமதி செய்கின்றன.